தெருவுக்குள் ஒரு வீட்டின் விலை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்தபோது கூடவே தரகரும் வந்தார். முன்கூடத்தில் உட்கார்ந்து, உம்மா கொடுத்தனுப்பிய சர்பத்தைக் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதைதான் பேசினார். டம்ளரைக் கீழே வைத்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அறுபத்தெட்டு கேக்குறாங்க. நான் பேசி அறுபத்தஞ்சுக்கு முடிச்சுத் தர்றேன். இதை விட்டா இந்தத் தெருவுல இனி எப்ப வருமோ, பார்த்துக்குங்க."

அறுபத்தைந்து லட்சம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான கீழக்கரையில், எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு. இரண்டே கால் சென்ட் இடம். 1994-ல் கட்டியது. கூடத்து மேற்கூரையில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அடுப்படிக்கு வெளிச்சம் வர வழியில்லை. அந்த வீட்டை எனக்காகப் பார்க்கிறார்கள். நான் கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவள் நான். மனசு குழம்பினால் எண்களை எழுதிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு வாரமாக எழுதியதை இங்கே வைக்கிறேன். எங்கள் ஊரில் இதே யோசனையோடு படுத்திருக்கும் வேறு பெண்களும் வாப்பாக்களும் இருப்பார்கள்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தைப் போலவும் அதிராம்பட்டினத்தைப் போலவும், கீழக்கரையில் நிக்காஹ் ஆனதும் பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். ஒரு மகள் என்றால் இருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மகள் என்றால் இன்னொரு வீடு. மூன்று என்றால் மாடி ஒருத்திக்கு, கீழ்த்தளம் ஒருத்திக்கு, மூன்றாவது ஒருத்திக்கு எங்கேயாவது வாங்கிக் கட்டுவது. மார்க்கப்படி மஹர் என்ற மணக்கொடையைப் பெண்ணுக்குக் கொடுப்பதும் மனைவிக்கு இருப்பிடம் தருவதும் மாப்பிள்ளையின் கடமை. வழக்கம் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது.

ஆனாலும் இந்த வழக்கத்தை நான் வெறுக்கவில்லை. வீடு பெண் பெயரில் இருக்கிறது. என்ன சண்டை வந்தாலும் "வெளியே போ" என்று அவளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பது வேறு ஊர்களில் கட்டிக்கொடுக்கப்பட்ட என் கல்லூரித் தோழிகளிடம் பேசும்போது எனக்குப் புரியும். எனக்கு என் பெயரில் ஒரு வீடு வேண்டும். நான் கேட்பதெல்லாம், அது ஏன் இந்த விலையில், இந்தத் தெருவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான்.

முதலில் வாடகையைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, ஏறக்குறைய அதே அளவு வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம் குடியிருக்கிறது. மாதம் 9,000 ரூபாய் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு 1,08,000. அறுபத்தைந்து லட்சத்தை அதால் வகுத்தால் 60 வருஷ வாடகை வருகிறது. அந்த வீட்டிலேயே 60 வருஷம் வாடகைக்கு இருந்தால் ஆகும் பணத்தை இன்றைக்கே மொத்தமாக எண்ணிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த வீடு 60 வருஷம் நிற்குமா என்று மேற்கூரையைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இந்த இடத்தில் ராமேஸ்வரத்தை நினைத்துப் பார்த்தேன். ரத வீதிகளை ஒட்டிய வீடுகளுக்கு என்ன விலை சொன்னாலும் அந்த விலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களுக்குக் கிட்டத்தில் ஓர் அறை வேண்டும். அங்கே வீட்டை வாங்குகிறவர் அதை எட்டு அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார். 2022 டிசம்பரில் நின்ற ரயில், 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள் போகிறது. அறைக்கு ஆள் வரும் என்று நம்பி விலை ஏற்றுகிறார்கள். ராமநாதபுரத்தில் பட்டினம்காத்தான் பக்கமும் அப்படித்தான். கலெக்டர் அலுவலகம் அங்கே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்கள் வாடகைக்கும் சொந்தத்துக்கும் வீடு தேடுகிறார்கள். அந்த விலைகளுக்கு அடியில் ஒரு வருமானம் ஓடுகிறது. எங்கள் தெரு வீட்டு விலைக்கு அடியில் அப்படி எதுவும் இல்லை. யாரும் அந்த வீட்டை வைத்துச் சம்பாதிக்கப் போவதில்லை. ஒரு தடவை வாங்கினால் அது பெண்ணுக்கு, அப்புறம் அவள் பெண்ணுக்கு. விற்கிற பேச்சே கிடையாது.

அப்படியானால் எது விலையைத் தூக்குகிறது?

எங்கள் தெருவில் நடந்துகொண்டே எண்ணினேன். மொத்தம் 41 வீடு. அதில் 13 வீடு பூட்டிக் கிடக்கிறது. சிலவற்றின் பூட்டு உப்புக்காற்றில் கரைந்தே போயிருக்கிறது. உடையவர்கள் சென்னை மண்ணடியிலும் துபாயிலும் கொழும்பிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வந்து, கூட்டிப் பெருக்கி, நான்கு நாள் தங்கி, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள். விற்கலாமே என்றால் பத்திரம் பாட்டி பெயரில் இருக்கும். பாட்டி மவுத்தாகி முப்பது வருஷம் ஆகியிருக்கும். எங்கள் எதிர்வீட்டுக்கு மட்டும் 11 வாரிசு. பாகம் பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் வரும். அதில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பவர் பத்திரம் அனுப்பவில்லை என்றாலும், ஒருவர் "நம்ம உம்மா வீட்டை விக்கிறதா" என்று அழுதாலும், காரியம் நின்றுவிடும். ஆக, 41 வீட்டுத் தெருவில் பத்து வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விலைக்கு வருகிறது. அதை வாங்க, கல்யாண வயசில் மகளை வைத்துக்கொண்டு ஏழெட்டு வாப்பாக்கள் காத்திருக்கிறார்கள். தரகர் சர்பத்தை நிதானமாகக் குடித்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மற்ற ஊர்களில் வீட்டு விலைக்கு வங்கி ஒரு கடிவாளம் போடுகிறது. 40 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டிக்கு 20 வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 34,700 ரூபாய் தவணை. அதைக் கட்டுகிற சம்பளம் இருந்தால்தான் வங்கி கடன் தரும். வாங்குகிறவர்களின் சம்பளத்தைத் தாண்டி விலை ரொம்ப தூரம் ஓட முடியாது. எங்கள் வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை. இந்தத் தெருவில் பெரும்பாலும் அப்படித்தான். வட்டி வேண்டாம் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "உன் சக்திக்கு இது அதிகம்" என்று சொல்ல எங்களுக்கு வெளியாள் யாரும் இல்லை. பணம் சேமிப்பிலிருந்து வருகிறது, நகையிலிருந்து வருகிறது, காக்காவிடமிருந்து, அதாவது என் அண்ணனிடமிருந்து, வருகிறது.

காக்கா துபாயில் இருக்கிறார். 2012-ல் லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, இதே தெருவில் 19 லட்சத்துக்கு வீடு வாங்கினோம். அப்போது ஒரு திர்ஹாமுக்கு 15 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 2025 அக்டோபரில் 24-ஐ ஒட்டி நின்றது. ரூபாயில் பார்த்தால் 19 லட்சம் 65 ஆகி, மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. திர்ஹாமில் பார்த்தால் ஒன்று இரண்டு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வளைகுடாவில் இருப்பவர்கள் "பரவாயில்லை, முடி" என்று போனில் சொல்ல முடிவதற்கு இது ஒரு காரணம். இதே ஊரில் கடை வைத்து, மீன் ஏலம் எடுத்து, என்னைப் போலப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரூபாயில் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்த விலை எட்டாத உயரம். அவர்கள் வீட்டுப் பெண்களும் இதே தெருவில் பிறந்தவர்கள்தான்.

லாத்தா வீடு வாங்கினபோது உம்மா 25 பவுன் விற்றார்கள். பவுன் 23,000 பக்கம் போனது. 5,75,000 வந்தது. 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த 25 பவுனுக்கு அந்த விலையிலேயே இருபத்திரண்டு லட்சத்துக்கு மேல் வரும், அன்று வாங்கிய முழு வீட்டின் விலையைவிட அதிகம். "தெருவுக்குள்ள இடத்தோட மதிப்பு மாதிரி எதுவும் ஏறாது" என்று தரகர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. உம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். அந்தச் சங்கிலி அங்கே இருந்திருந்தால் வீட்டைவிட வேகமாக ஏறியிருக்கும்.

சரி, வீடு என்ற பொருளுக்கு வருவோம். எங்கள் ஊரில் நூறு வருஷத்துக்கு முந்தைய வீடுகள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. கனத்த சுவர், வெயில் உள்ளே இறங்காது. அவை இன்னும் நிற்கின்றன. இனி அப்படிக் கட்டவும் முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின, 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. அது நல்லதுதான். கடலில் இருக்க வேண்டியது கடலில் இருக்கட்டும். ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாப் பணத்தில் அவசர அவசரமாகக் கட்டிய கான்கிரீட் வீடுகளின் கதை வேறு. கடல்காற்றின் உப்பு கம்பிக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்டைத் தள்ளிவிடுகிறது. எனக்குப் பார்த்த வீடு அந்த ரகம். மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, மேற்கூரையைச் சரிசெய்ய, ஒயரிங் மாற்ற, குளியலறை எடுக்க எட்டு லட்சம் வேண்டும் என்றார். லாரி தெருவுக்குள் நுழையாது. மணலையும் செங்கலையும் முக்கில் இறக்கி, அங்கிருந்து சுமந்துதான் கொண்டுவர வேண்டும். அந்தக் கூலி தனி.

வாப்பா பத்திரத்தில் முழு விலையையும் காட்டியே தீர்வார். அதில் அவரை அசைக்க முடியாது, அசைக்க நான் விரும்பவும் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5,85,000. தரகுக்கு 65,000. விலை, பதிவு, தரகு, மராமத்து எல்லாம் கூட்டினால் எழுபத்தொன்பதரை லட்சம்.

இப்போது அடுத்த பக்கம். ஊரை அடுத்த தில்லையேந்தல் பக்கம் நான்கு சென்ட் மனை ஒன்றை நானாகவே போய்ப் பார்த்தேன். அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு. 2016-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது என்பதால் அதை முதலில் கேட்டேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. சென்ட் மூன்றரை லட்சம். 14 லட்சம், பதிவுக்கு 1,26,000. (பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் வந்தது, பத்து லட்சத்துக்குள் இருந்தால்தான்; எங்களுக்குக் கிடைக்காது.) மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 சொல்கிறார். ஆயிரம் சதுர அடி கட்டினால் 23 லட்சம். போர், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கரண்ட் எல்லாவற்றுக்கும் 5 லட்சம் ஒதுக்கினேன். மொத்தம் 43 லட்சத்து 26 ஆயிரம். புது வீடு. நான்கு பக்கமும் காற்று. அடுப்படிக்கு இரண்டு ஜன்னல் வைத்து வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். தண்ணீர் இங்கேயும் உப்பு, அங்கேயும் உப்பு. குடிக்க வாங்கித்தான் ஆக வேண்டும். அதில் வித்தியாசம் இல்லை.

இரண்டுக்கும் நடுவே 36 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

பழைய கட்டடத்துக்குத் தாராளமாகப் பத்து லட்சம் மதிப்புப் போட்டாலும், தெருவுக்குள் ஒரு சென்ட் 24 லட்சத்தைத் தாண்டுகிறது. தில்லையேந்தலில் மூன்றரை. ஏழு மடங்கு. மண் ஒரே மண், கடல் ஒரே கடல்.

அந்த 36 லட்சத்தை எடுத்து நோட்டில் தனியாக ஒரு பக்கத்தில் எழுதினேன். காக்கா மாதம் 30,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கி, சமையலைப் பங்கு போட்டு, ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிடிக்கிற மிச்சம். வருஷத்துக்கு 3,60,000. பத்து வருஷம். காக்காவுக்கு இப்போது 36 வயசு. அவர் மகன் போனில் முகம் பார்த்துத்தான் "வாப்பா" என்று கூப்பிடப் பழகினான். எனக்கு ஏழு வீடு தள்ளி உம்மா இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பையன் இன்னும் பத்து வருஷம் தன் வாப்பாவைப் போனில் பார்க்க வேண்டும். என் வாப்பாவையும் நான் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். 1989-லிருந்து 2016 வரை தம்மாமில் இருந்தார். ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது.

இதை எழுதிவிட்டு நான் நிறைய நேரம் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் தெருவுக்குள் இருப்பதற்கு மதிப்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். லாத்தா வீடு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம். பின்வாசலைத் திறந்தால் சந்து, சந்தைத் தாண்டினால் அவள் அடுப்படி. மச்சான் வருஷத்தில் பதினோரு மாதம் துபாயில். இரண்டு பிள்ளைகளோடு அவள் தனியாக இருக்கிறாள், ஆனால் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை. மூத்தவனுக்கு இரண்டு வயசில் ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி ஜன்னி வந்தது. லாத்தா "உம்மா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். உம்மா தலைத்துணியைக்கூட ஒழுங்காகப் போடாமல் சந்து வழியாக ஓடியதை நான் பார்த்தேன். பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மாமி. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தது அந்த மாமிதான். ஆண் துணை இல்லாத தெரு எங்களுடையது. ஆண்கள் எல்லாம் கடலுக்கு அப்பால். பெண்கள் ஒருத்திக்கொருத்தி கேட்கிற தூரத்தில் இருந்துதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். முன்பு முத்துக்கும் சங்குக்கும் கப்பலேறிப் போனார்கள், அப்புறம் கொழும்புக்கு, இப்போது வளைகுடாவுக்கு. அந்தத் தூரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன். தில்லையேந்தல் மனையைவிட இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்றால்கூட யோசிப்பேன். ஏழு மடங்கில் மற்ற பங்கு எதற்கு?

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள் என்ன படித்திருக்கிறேன், என்ன வேலை என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் கேட்டது, "வீடு எந்தத் தெருவுல கொடுக்குறீங்க?" மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு இரண்டு நாள்தான் ஊரில் இருப்பார். அவருக்கு எந்தத் தெருவாக இருந்தால் என்ன? அந்தக் கேள்வி பெண்ணுக்குத் துணை வேண்டும் என்பதால் கேட்டது இல்லை. வலீமா விருந்தில் சொல்லிக்கொள்ள ஒரு தெருப்பெயர் வேண்டும், அதற்காகக் கேட்டது. கொடுத்தான் என்று பேர் வாங்குவது எங்கள் ஊரில் பெரிய விஷயம். செத்தும் கொடுத்த சீதக்காதியின் ஊர் அல்லவா. ஆனால் அந்த வள்ளல் கொடுத்தது பசித்து வந்த புலவர்களுக்கு. மகன்களை வெளியூருக்கு அனுப்பி, மனைவி நகையை விற்று, சொல்கிற விலைக்கெல்லாம் தலையாட்டி, தெருவின் பெயரை வாங்குவதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் 65 கொடுத்து வாங்கினால் அடுத்த வீட்டுக்காரர் 70 கேட்பார். அடுத்த தெரு ஹாஜியார் மகளுக்கு அது கட்டாயம் ஆகிவிடும். இந்த விலையை வெளியிலிருந்து யாரும் வந்து ஏற்றவில்லை. நாங்களே, எங்கள் பெண்களின் பெயரைச் சொல்லி, ஏற்றி வைத்திருக்கிறோம். எனக்குக் கேட்டால், இது அநியாய விலை. கொடுக்க முடிந்தவர்களுக்கும் அநியாயம்தான், ஏனென்றால் கொடுக்க முடியாதவர்களின் மகள்களும் அதே விலையால்தான் அளக்கப்படுகிறார்கள். என்னோடு படித்த ஒருத்தி இன்னும் கல்யாணம் ஆகாமல் இருக்கிறாள். அவளிடம் இல்லாதது ஒரு வீடு மட்டும்தான்.

நேற்று இஷாவுக்குப் பிறகு நோட்டை வாப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். காக்காவின் பத்து வருஷம் எழுதியிருந்த பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ஃபஜ்ர் தொழுதுட்டு வர்றேன், கிளம்பி இரு. அந்த மனையைப் பார்க்கணும்" என்றார்.

இன்று காலை ஆட்டோவில் போனோம். திரும்பி வரும்போது வாப்பா, நடந்தே போகலாம் என்றார். அவர் கால் நடைக்கு எங்கள் வீட்டு வாசல்வரை 31 நிமிஷம். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் அதையும் சேர்த்தே எண்ணினேன்.

உம்மா வாசலிலேயே நின்றார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி, 31 நிமிஷம் நடக்க முடியாது. அதற்கும் நான் கணக்கு வைத்திருந்தேன். ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 80 ரூபாய். தினமும் போய் வந்தாலும் 160. வருஷத்துக்கு 58,400. அந்த 36 லட்சத்தில் தினமும் 61 வருஷம் ஆட்டோவில் வரலாம், உம்மா. அப்படித்தான் சொன்னேன்.

உம்மா சிரிக்கவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு வருமா, ஆட்டோ?" என்று கேட்டார்கள்.

அதற்கு என் நோட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. லாத்தாவின் மகனுக்கு ஜன்னி வந்ததும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான். நான் பேசாமல் நின்றேன். வாப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். காலையில் எங்களைக் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரர் அந்த மனைக்கு அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாராம். நான் மனையின் மூலைக்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாப்பா அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அடுப்படிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், பால் கணக்குக்கும் கேஸ் தேதிக்கும் கீழே, அந்த போன் நம்பரை உம்மாவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார். உம்மா கிட்டே போய் ஒவ்வொரு எண்ணாக வாசித்துப் பார்த்தார்கள்.

தரகர் இந்த வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். டோக்கன் தொகையை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். வாப்பா இன்னும் எடுத்து வைக்கவில்லை.